வால்மீனைப் பின்தொடர்வது எப்படி? பாதை, இடம், பிரகாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைனாகுலரோ சிறு தொலைநோக்கியோ கேமராவோ கையில் இருக்கிறது, ஒரு வால்மீனை ஓரிரவு பார்த்துவிட்டு விடாமல் மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 2024 அக்டோபரில் மாலை வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சி/2023 ஏ3 (ட்சுசின்ஷான்–அட்லஸ்) வால்மீனையே எடுத்துக்கொள்கிறோம்.

இடத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்பவர்கள் பிரகாசத்தில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள்?

இரண்டும் வெவ்வேறு கணக்குகள். வால்மீன் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது சூரியனும் கோள்களும் இழுக்கும் ஈர்ப்பு. அந்தக் கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு ஒளிரும் என்பதைத் தீர்மானிப்பதோ, சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு அழுக்குப் பனிக்கட்டியிலிருந்து எவ்வளவு வாயுவும் தூசும் கிளம்புகின்றன என்பது. அந்த உட்கருவின் மேல்தோலில் எந்த இடம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பூமியிலிருந்து யாருக்கும் தெரியாது.

2013-இல் ஐசான் வால்மீன் முழுநிலவையே விஞ்சும் என்று செய்திகள் வந்தன. நவம்பர் 28 அன்று சூரிய மையத்திலிருந்து 0.0124 வானியல் அலகு தூரத்தில் (ஓர் அலகு சுமார் 15 கோடி கி.மீ.), கணித்த பாதையிலேயே போனது. ஆனால் போன வழியிலேயே உடைந்து கரைந்தது. பாதைக் கணக்கில் பிழையே இல்லை. பிரகாசக் கணக்கு மொத்தமும் வீண். எனவே இந்த இரண்டையும் எப்போதும் தனித்தனியாகவே குறித்து வையுங்கள், தனித்தனியாகவே நம்புங்கள்.

சுற்றுப்பாதை உறுப்புகள் என்று ஆறு எண்கள் தருகிறார்களே, அவை என்ன?

ஏ3-இன் எண்களை வைத்தே பார்ப்போம்.

சூரிய அண்மை நேரம் (சூரியனுக்கு மிக அருகில் வரும் நேரம்): 2024 செப்டம்பர் 27.74. அதாவது 27-ஆம் தேதி பிறந்து 0.74 நாள் கழித்து.
அண்மைத் தூரம்: 0.3914 வானியல் அலகு.
மையப்பிறழ்வு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீள்கிறது என்பது): 1.0001.
சாய்வு (பூமியின் பாதைத் தளத்தோடு ஒப்பிட்டால்): 139.1 பாகை.
ஏறு கணுவின் தீர்க்கம்: 21.6 பாகை.
அண்மைப்புள்ளிக் கோணம் (ஏறு கணுவிலிருந்து அண்மைப்புள்ளி வரை): 308.5 பாகை.

முதல் மூன்றும் பாதையின் வடிவத்தையும் அளவையும், வால்மீன் அதில் எப்போது எங்கே இருக்கும் என்பதையும் சொல்கின்றன. அடுத்த மூன்றும் அந்தப் பாதை விண்வெளியில் எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்பதைச் சொல்கின்றன. கணு என்றால் வால்மீனின் பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் இடம். தெற்கிலிருந்து வடக்கே ஏறும் இடம் ஏறு கணு. பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று சொல்வதும் இதே பொருளில் சந்திரப் பாதையின் கணுக்களைத்தான். சாய்வு 90 பாகைக்கு மேல் போனால் வால்மீன் கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று அர்த்தம். ஏ3 அப்படிப்பட்டது, ஹாலியும் (162 பாகை) அப்படியே.

ஏழாவதாக ஒரு தேதியும் கூடவே இருக்கும்: இந்த எண்கள் எந்த நாளுக்கு உரியவை என்ற குறிப்பு. பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கோள்களின் இழுப்பால் உறுப்புகள் மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால், தேதி இல்லாத உறுப்புகளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பெயரில் உள்ள எழுத்துகளும் எண்களும் எதைக் குறிக்கின்றன?

முன்னால் ‘சி’ என்றால் நெடுங்காலச் சுற்று, ‘பி’ என்றால் குறுங்காலச் சுற்று, ‘டி’ என்றால் தொலைந்தது அல்லது அழிந்தது, ‘ஐ’ என்றால் வேறு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது. பிறகு கண்டுபிடித்த ஆண்டு. அதன் பின் அரை மாதத்துக்கு ஓர் எழுத்து: ஜனவரி முதல் பாதி ‘ஏ’, இரண்டாம் பாதி ‘பி’ என்று போகும், ‘ஐ’ எழுத்தைத் தாண்டிவிடுவார்கள். கடைசி எண், அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்பது. ஆக 2023 ஏ3 என்றால் 2023 ஜனவரி முதல் பாதியின் மூன்றாவது. இந்திய வானியலாளர் வைணு பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது போக், நியூகர்க் இருவருடன் சேர்ந்து கண்டுபிடித்த வால்மீன் சி/1949 என்1: ஜூலை முதல் பாதி. காவலூர் வானாய்வகத்துக்கு வைத்திருப்பது இந்தப் பாப்புவின் பெயரைத்தான்.

புதிய வால்மீனின் பாதையைக் கணிக்க எத்தனை அவதானிப்புகள் வேண்டும்?

கணிதப்படி மூன்று போதும். நடைமுறையில் மூன்றே இரவுகளில் எடுத்த மூன்று புள்ளிகளை வைத்துக் கிடைக்கும் பாதையை யாரும் பெரிதாக நம்ப மாட்டார்கள். நீண்ட வளைவின் ஒரு சின்னத் துண்டை மட்டும் பார்த்து முழு வளைவையும் வரைவது போன்ற வேலை அது. அதனால்தான் முதல் கணிப்பில் மையப்பிறழ்வைச் சரியாக 1 என்றே வைத்துக்கொண்டு (பரவளையம்) மற்ற ஐந்தை மட்டும் கண்டுபிடிப்பார்கள். வாரங்கள் போகப் போக மையப்பிறழ்வையும் விடுவித்துக் கணிப்பார்கள்.

தொடர் அவதானிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏ3-ஏ சாட்சி. சீனாவின் ஊதாமலை வானாய்வகம் 2023 ஜனவரி 9-இல் அதைப் படம் பிடித்தது. யாரும் தொடர்ந்து அளந்து அனுப்பாததால் உறுதிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. பிப்ரவரி 22-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதையே புதிதாகக் கண்டது. பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்து இரு பெயரும் சேர்ந்தன. பாதை தெரிந்ததும் பழைய படங்களில் தேடி, 2022 டிசம்பர் படங்களிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பின்னோக்கிக் கிடைக்கும் ஒரே ஒரு பழைய புள்ளி, புதிதாக எடுக்கும் பத்துப் புள்ளிகளைவிடப் பாதையை இறுக்கிப் பிடிக்கும்.

கணினி நிரல் இல்லாமல் கையால் கணக்கிட முடியுமா?

மையப்பிறழ்வு 1-ஐ ஒட்டி இருந்தால் கால்குலேட்டரே போதும். பார்க்கர் சமன்பாடு என்று பெயர். 2024 அக்டோபர் 12 மாலை 6.30-க்கு ஏ3 சூரியனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பார்ப்போம்.

இந்திய நேரம் 18.30 என்றால் உலக நேரம் 13.00, நாளின் பின்னமாக 0.54. அண்மை நேரம் செப்டம்பர் 27.74. இடைப்பட்டது 14.80 நாள்.

இதை 0.017202 (காஸ் மாறிலி) ஆல் பெருக்கினால் 0.2546. அண்மைத் தூரம் 0.3914-இன் ஒன்றரை அடுக்கு 0.2449, அதை 1.4142 ஆல் பெருக்கினால் 0.3463. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.735.

இப்போது ஓர் எண் வேண்டும்: அந்த எண்ணும் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 0.735 வர வேண்டும். 0.6 போட்டால் 0.672, குறைவு. 0.65 போட்டால் 0.742, கொஞ்சம் அதிகம். 0.6455 போட்டால் சரியாக உட்காரும். இதன் வர்க்கம் 0.4167. அதோடு 1 கூட்டி 0.3914 ஆல் பெருக்கினால் 0.5545 வானியல் அலகு. அதுதான் சூரியத் தூரம். 0.6455 எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் என்று பார்த்து (32.84) அதை இரட்டித்தால் 65.7 பாகை: அண்மைப்புள்ளியிலிருந்து வால்மீன் சூரியனைச் சுற்றி வந்துவிட்ட கோணம்.

அங்கிருந்து வானத்தில் எந்த இடம் என்று போக, மூன்று சாய்வுக் கோணங்களையும் பூமியின் இடத்தையும் சேர்க்க வேண்டும். அதை நிரலிடம் விட்டுவிடலாம். ஆனால் மேலே உள்ள கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். நிரல் தவறான எண்ணைத் தரும்போது சட்டென்று உறுத்தும்.

தினசரி இட அட்டவணையை எங்கே எடுப்பது? எந்தப் பத்திகள் வேண்டும்?

நாசாவின் ஜேபிஎல் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவை இலவசம். வால்மீனின் பெயர், உங்கள் ஊரின் அட்சரேகை–தீர்க்கரேகை, தொடக்க–முடிவுத் தேதி, இடைவெளி ஒரு நாள் என்று கொடுங்கள். பத்திகளில் 1 (வலஏற்றம், நடுவரை விலக்கம்: வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை), 3 (நகர்வு வேகம்), 4 (திசை, உயரக் கோணம்), 9 (பிரகாசம்), 19, 20 (சூரியத் தூரம், பூமித் தூரம்), 23 (சூரியனிலிருந்து விலகிய கோணம்), 24 (கட்டக் கோணம்: வால்மீனிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள கோணம்) இருந்தால் போதும்.

இரண்டு இடத்தில் வழுக்கும். 12பி (பான்ஸ்–புரூக்ஸ்) போன்ற திரும்பத் திரும்ப வரும் வால்மீனைத் தேடினால் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரியாகப் பட்டியல் வரும். இப்போதைய வருகைக்குரிய வரியை எடுக்க வேண்டும், 1883-க்கு உரியதை அல்ல. மூன்றாம் பத்தியின் வேகம் ஒரு மணி நேரத்துக்கான வில்நொடி (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு); நிமிடக் கணக்கு வேண்டுமானால் 60-ஆல் வகுக்கவும்.

கைபேசி ஆப் காட்டும் இடத்தில் வால்மீன் இல்லையே?

பெரும்பாலும் ஆப்பில் உள்ள உறுப்புகள் பழையவை. ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட நிரலின் கணினிப் பதிப்பில் சூரியக் குடும்பத் திருத்தி என்ற செருகியைத் திறந்து, சிறுகோள் மையத்தின் (சிறுகோள், வால்மீன் அளவீடுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டும் அமைப்பு) பட்டியலிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பூமிக்கு அருகே வரும் வால்மீனுக்கு இதை வாரம் ஒருமுறை செய்யலாம். தொலைவில் இருப்பதற்கு மாதம் ஒருமுறை போதும். அப்படியும் சரியாகாவிட்டால் ஆப்பின் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

உறுப்புகளைப் புதுப்பித்தும் வால்மீன் கணக்குக்கு முன்னதாகவோ பின்னதாகவோ ஓடுகிறது. ஏன்?

வாயு பீய்ச்சும் போது உட்கரு எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளப்படுகிறது. ராக்கெட்டும் தீபாவளிப் புஸ்வாணமும் இயங்கும் அதே தத்துவம். ‘எங்கே’ (Encke) என்ற பெயருள்ள வால்மீன் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். 1973-இல் மார்ஸ்டன், செகானினா, யோமன்ஸ் மூவரும் இதற்கு ஒரு கணித மாதிரி தந்தார்கள்; இன்றும் பாதைப் பட்டியல்களில் ஈர்ப்பல்லாத விசையின் கூறுகளாக வருபவை அதிலிருந்து வந்தவையே. அவதானிப்புகள் போதுமான அளவு சேர்ந்த பிறகே அவற்றைச் சேர்க்க வேண்டும். பத்து நாள் தரவுக்கு அதைப் போட்டால் நிரல் உங்கள் அளவீட்டுப் பிழையையே ராக்கெட் விசையாக்கிக் காட்டும்.

எல்லா நேர வித்தியாசத்தையும் வாயுவின் மேல் போடவும் முடியாது. ஹாலி 1759 ஏப்ரல் நடுவில் சூரிய அண்மைக்கு வரும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளைரோ கணித்தார்; மார்ச் 13-இலேயே வந்துவிட்டது. அந்த ஒரு மாதப் பிழைக்குப் பெரிய பங்கு, யுரேனஸும் நெப்டியூனும் அப்போது கண்டுபிடிக்கப்படாததும் கோள்களின் நிறை சரியாகத் தெரியாததும்தான்.

மையப்பிறழ்வு 1-ஐத் தாண்டினால் வேற்று மண்டல விருந்தாளியா?

கடுகளவு தாண்டினால் இல்லை. ஏ3-இன் 1.0001 என்பது கோள்கள் இழுத்ததால் அந்த நேரத்தில் தெரியும் எண். நெடுந்தொலைவிலிருந்து வரும் பல வால்மீன்களுக்கு இது சாதாரணம். உண்மையான விருந்தாளிக்கு எண் பளிச்சென்று சொல்லும்: 2019-இல் போரிசோவ் என்ற தன்னார்வ வானியலாளர் தானே செய்த தொலைநோக்கியில் கண்ட 2ஐ-க்கு சுமார் 3.4, 2025 ஜூலை 1-இல் கண்டுபிடிக்கப்பட்ட 3ஐ/அட்லஸுக்கு 6-க்கும் மேல்.

கேமராவில் எடுத்த படத்திலிருந்து இடத்தை அளப்பது எப்படி?

முதலில் ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்நொடி என்று பாருங்கள்: பிக்சல் அளவை (மைக்ரானில்) 206.3-ஆல் பெருக்கி, குவிய தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுக்கவும். 3.76 மைக்ரான் பிக்சல், 1000 மி.மீ. குவிய தூரம் என்றால் 0.78 வில்நொடி. ஒரு விண்மீனின் அகலம் இரண்டு மூன்று பிக்சலாவது இருந்தால் நல்லது.

அடுத்து ஒளிபடும் நேரம், அதாவது ஒரு படத்துக்குக் கேமராவைத் திறந்து வைக்கும் நேரம். விண்மீன் பிம்பத்தின் அகலத்தை வால்மீனின் வேகத்தால் வகுக்க வேண்டும். பிம்பம் 3 வில்நொடி, வேகம் நிமிடத்துக்கு 1.5 வில்நொடி என்றால் 2 நிமிடம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் வால்மீன் இழுபடும். மங்கலானதற்கு ஒரே நீண்ட படம் எடுக்காதீர்கள். இருபது சிறு படங்கள் எடுத்து, வால்மீனின் வேகம்–திசைக்கு ஏற்ப நகர்த்தி அடுக்குங்கள். அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் என்ற இரண்டு நிரல்களும் இதைச் செய்யும்.

விண்மீன் பட்டியலுக்கு கையா விண்கலத்தின் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். அளவுத் துளையை (படத்தில் அளப்பதற்கு எடுக்கும் வட்டத்தை) சின்னதாக வைத்து, தலையின் நடுவில் உள்ள பிரகாசமான செறிவை மட்டும் பிடியுங்கள். ஒரே இரவில் சில நிமிட இடைவெளியில் மூன்று நான்கு அளவீடுகள் போதும். ஐம்பது அனுப்புவதால் பயனில்லை. ஒரு வாரம் கழித்து இன்னும் மூன்று எடுத்தால் அதுதான் பயன்.

அளவீட்டில் அதிகமாக நேரும் தவறுகள் எவை? அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபைண்ட் ஆர்ப் நிரலில் உங்கள் அளவீடுகளைப் போட்டால், அளந்த இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாகக் காட்டும். ஒரு வில்நொடிக்குள் இருந்தால் சிறு தொலைநோக்கிக்கு நல்ல வேலை. அதைத் தாண்டினால், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

வால்மீன் நகரும் திசையிலேயே விலகினால் கடிகாரப் பிழை. கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைக்க மறந்திருப்பீர்கள். அல்லது படக் கோப்பில் தொடக்க நேரம் இருக்க, நிரல் அதை நடு நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். 2 நிமிடப் படத்துக்கு இதில் 1 நிமிடம் போகும்; மேலே சொன்ன வேகத்தில் 1.5 வில்நொடி. இந்திய நேரத்தை உலக நேரமாக மாற்றாமல் விட்டால் ஐந்தரை மணி நேரம், அதாவது 8 வில்நிமிடம் விலகும்; அதை நீங்களே பார்த்துவிடுவீர்கள். அந்த ஒரு நிமிடப் பிழைதான் கண்ணுக்குப் படாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

வால் இருக்கும் பக்கமே விலகினால் நடுப்புள்ளியை வால் இழுத்திருக்கிறது, துளையைச் சுருக்குங்கள். ஒரே ஒரு படம் மட்டும் தனியாக விலகினால் அடியில் மங்கலான விண்மீன் ஒன்று இருந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். எல்லாமே கன்னாபின்னாவென்று சிதறினால் ஒளி போதவில்லை என்று பொருள்.

அளந்ததை யாருக்கு அனுப்புவது?

உலகம் முழுவதற்கும் ஒரே இடம், சிறுகோள் மையம். முதலில் உங்கள் இடத்துக்கு வானாய்வகக் குறியீடு வாங்க வேண்டும். பாதை நன்கு தெரிந்த, எண்ணிட்ட சிறுகோள்கள் சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அளந்து அனுப்பினால், தரத்தைப் பார்த்துக் குறியீடு தருவார்கள். நேரத்தை நாளின் பின்னமாக ஐந்து தசமம் வரை எழுத வேண்டும். ஐந்தாவது தசமம் 0.86 நொடி.

பிரகாசத்தைக் கணிக்கும் சூத்திரம் என்ன?

பொலிவெண் = தனிப் பொலிவெண் + 5 × லாக்(பூமித் தூரம்) + சரிவு × லாக்(சூரியத் தூரம்). தூரங்கள் வானியல் அலகில், லாக் பத்தடிமானம். பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

தனிப் பொலிவெண் என்பது வால்மீன் சூரியனிடமிருந்தும் பூமியிலிருந்தும் ஓர் அலகு தூரத்தில் இருந்தால் தெரியும் பொலிவு. சரிவு என்பது சூரியனை நெருங்கும்போது எவ்வளவு வேகமாக ஒளி ஏறுகிறது என்பது. வேறு தகவல் இல்லாதபோது 10 என்று வைப்பது வழக்கம். இங்கே ஒரு பொறி: ஹொரைசன்ஸ் இதை 10 என்று தரும், சிறுகோள் மையப் பட்டியல் 4 என்று தரும். இரண்டும் ஒன்றே, 4-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 10. மாற்றிப் போட்டால் வால்மீன் ஒன்று மண்ணாகத் தெரியும், இல்லையேல் சூரியனாகத் தெரியும்.

மேலே கணக்கிட்ட அக்டோபர் 12-க்குப் போட்டுப் பார்ப்போம். பூமித் தூரம் 0.47 என்றால் அந்தப் பகுதி −1.64. சூரியத் தூரம் 0.5545 என்றால் −2.56. தனிப் பொலிவெண்ணை 6 என்று வைத்தால் விடை 1.8.

ஆனால் அக்டோபர் 9 வாக்கில் ஏ3 வெள்ளிக் கோளைப் போல ஒளிர்ந்ததே?

ஆமாம். அதே சூத்திரத்தை 9-ஆம் தேதிக்குப் போட்டால் 1.5-ஐ ஒட்டித்தான் வரும். சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் அது −4-ஐத் தாண்டியது. சூத்திரத்தில் இல்லாத ஒன்று நடுவே புகுந்தது: அன்று வால்மீன் ஏறத்தாழ பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் இருந்தது, கட்டக் கோணம் 170 பாகைக்கு மேல். நுண்தூசு ஒளியை முன்னோக்கிச் சிதறடிக்கும். ஜன்னல் வழியாக வரும் வெயிலில், எதிரே நின்று பார்க்கும்போது மட்டும் தூசு பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. தூசு மிகுந்த வால்மீனின் அட்டவணையில் கட்டக் கோணம் 120-ஐத் தாண்டும் நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த நாட்களின் அளவீட்டைச் சரிவு கண்டுபிடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் செகானினா, இந்த வால்மீன் சூரிய அண்மைக்கு முன்பே சிதைந்துவிடும் என்று காரணங்களோடு எழுதினார். சிதையவில்லை. ஆயுள் முழுக்க வால்மீன்களை ஆராய்ந்தவரே இப்படி ஏமாந்தார் என்றால், சமூக ஊடகத்தில் வரும் ‘நூற்றாண்டின் வால்மீன்’ அறிவிப்புகளை எந்த இடத்தில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணால் பிரகாசத்தை மதிப்பிடுவது எப்படி?

வால்மீன் பஞ்சு போன்றது, விண்மீன் புள்ளி. நேரே ஒப்பிட முடியாது. அதனால் குவியத்தைக் கலைத்து விண்மீனையும் பஞ்சாக்குவார்கள். மூன்று முறைகள் உண்டு.

சிட்ஜ்விக் முறை: வால்மீனைக் குவியத்தில் வைத்து அதன் சராசரி வெளிச்சத்தை மனத்தில் பதியுங்கள். பிறகு விண்மீனைக் குவியம் கலைத்து, வால்மீன் இருந்த அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். பரவலான, மங்கலான வால்மீனுக்கு இது ஏற்றது.

பாப்ரோவ்னிகாஃப் முறை: இரண்டையும் சேர்த்தே கலைத்து, ஒரே அளவாகத் தெரியும்போது ஒப்பிடுங்கள். சிறிய, இறுகிய தலை உள்ள வால்மீனுக்கு.

மோரிஸ் முறை: நடுவில் உள்ள செறிவு கரைந்து தலை ஒரே சீராகத் தெரியும் வரை மட்டும் வால்மீனைக் கலையுங்கள், அந்த அளவுக்கு விண்மீனைக் கலைத்து ஒப்பிடுங்கள். இடைப்பட்டவற்றுக்கு இதுவே நம்பகமானது.

வால்மீனைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று என இரண்டு விண்மீன்களை எடுங்கள். 6.2, 7.0 என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே எட்டுப் படி என்று கொண்டு, வால்மீன் பிரகாசமானதிலிருந்து மூன்றாம் படியில் தெரிந்தால் 6.5.

தெரியக்கூடிய மிகச் சிறிய கருவியையே பயன்படுத்துங்கள். பெரிய தொலைநோக்கியில் மங்கலான வெளிப்புறம் கண்ணுக்குத் தப்பிவிடும். வால்மீன் உள்ளதைவிட மங்கலாக மதிப்பிடப்படும். ஒப்பீட்டு விண்மீன்கள் வால்மீன் இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் ஒளி கடக்கும் காற்றின் தடிமன் தலைக்கு நேர் மேலே உள்ளதைப்போல ஐந்தரை மடங்கு. தெளிந்த வானத்திலேயே ஒன்றரைப் பொலிவெண் அளவு விழுங்கிவிடும். கடற்கரை ஈரப்பதத்தில் இன்னும் கூடும்.

தலையின் அளவையும் செறிவையும் எதற்குக் குறிக்க வேண்டும்?

அவை இல்லாமல் பொலிவெண் மட்டும் இருந்தால் பிறர் அதை நம்ப வழியில்லை. தொலைநோக்கியின் இயக்கியை நிறுத்திவிட்டு, தலை ஒரு குறுக்குக் கோட்டைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். நொடியை 0.25-ஆலும், பிறகு நடுவரை விலக்கத்தின் கோசைனாலும் பெருக்கினால் வில்நிமிடத்தில் விட்டம். செறிவுக்கு 0 முதல் 9 வரை: நடுவில் எதுவுமே இல்லாத புகை 0, விண்மீன் போலவே புள்ளி என்றால் 9. சில நாட்களில் செறிவு எண் மளமளவென்று இறங்கி, தலை நீண்டு தேய்ந்தால் உட்கரு உடைகிறது என்று சந்தேகிக்கலாம். 2020 வசந்தத்தில் சி/2019 ஒய்4 அப்படித்தான் போனது.

கேமராவில் பிரகாசத்தை அளந்தால் கண் மதிப்பீட்டோடு ஒத்துப்போவதில்லையே?

ஒத்துப்போகாது. இடத்தை அளக்க வைத்த சின்னத் துளையில் தலையின் நடுப்பகுதி மட்டுமே விழும். மொத்தப் பொலிவைவிட இரண்டு மூன்று எண் மங்கலாகக்கூட வரும். அதை ‘உட்கருப் பொலிவு’ என்று தனியாக எழுதுங்கள். மொத்தப் பொலிவுக்குத் தலை முழுதும் அடங்கும் துளை வேண்டும். அதற்குள் விழும் விண்மீன்களை நீக்க வேண்டும்.

வடிகட்டியும் முக்கியம். வால்மீனின் பச்சை நிறம் இரட்டைக் கார்பன் மூலக்கூறின் ஒளி. பச்சை வடிகட்டி அதை அள்ளிக்கொள்ளும். சிவப்பில் பெரும்பாலும் தூசு தெரியும். ஒரு மாதம் பச்சையிலும் மறு மாதம் சிவப்பிலும் எடுத்துவிட்டு வரைபடம் போட்டால் இல்லாத வீழ்ச்சி தெரியும்.

தூசின் அளவை மாதக்கணக்கில் ஒப்பிட, துளையை வில்நொடியில் வைக்காமல் கிலோமீட்டரில் நிலையாக வையுங்கள், 10,000 கி.மீ. ஆரம் வழக்கம். ஓர் அலகு தூரத்தில் ஒரு வில்நொடி 725 கி.மீ. எனவே 2 அலகு தூரத்தில் 7 வில்நொடி, 0.47 அலகில் 29 வில்நொடி.

சேர்ந்த அளவீடுகளிலிருந்து சரிவை நானே கண்டுபிடிப்பது எப்படி?

ஒவ்வொரு பொலிவெண்ணிலிருந்தும் 5 × லாக்(பூமித் தூரம்) கழியுங்கள். பூமி அருகே வந்ததால் கூடிய பிரகாசம் போய், வால்மீனின் சொந்த நடத்தை மிஞ்சும். இதைச் செங்குத்து அச்சிலும் லாக்(சூரியத் தூரம்) கிடை அச்சிலும் குறித்து ஒரு நேர்கோடு இழுங்கள். 2 அலகில் 11.0, 1 அலகில் 8.0 என்றால் வித்தியாசம் 3.0, அதை லாக் 2 ஆகிய 0.301-ஆல் வகுத்தால் சரிவு 10. கோடு 1 அலகில் காட்டும் 8.0 தான் தனிப் பொலிவெண்.

ஒரே கோடு எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். சூரியனிடமிருந்து 3 அலகு வாக்கில் நீர்ப்பனி ஆவியாகத் தொடங்கும். அங்கே கோடு மடங்குவது இயல்பு. முதல்முறையாக உள்ளே வரும் வால்மீன்கள் தொலைவிலேயே கார்பன் மோனாக்சைடு போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்களால் ஆர்ப்பாட்டமாக ஒளிர்ந்து, நெருங்கும்போது சோர்ந்துவிடும். 1973-இல் கோஹுடெக் வால்மீன் ஏமாற்றியது இப்படித்தான். அண்மைக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு போடுங்கள்.

ஓரிரவில் திடீரென்று ஒளிர்ந்தால் என் அளவீடு தவறா?

இருக்கலாம், அதே இரவில் வேறு விண்மீன்களை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஆனால் உண்மையான வெடிப்புகளும் நடக்கும். 2007 அக்டோபர் 24 வாக்கில் 17பி/ஹோம்ஸ் இரண்டு நாளுக்குள் 17-இலிருந்து 3-க்குள் ஏறியது, ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு. 12பி/பான்ஸ்–புரூக்ஸ் 2023 ஜூலை 20-இல் சுமார் ஐந்து எண் ஏறியது. அடுத்த இரவுகளில் தலை விரிந்துகொண்டே போய், மேற்பரப்பு மங்கினால் அது வெடிப்பு. பதிவு செய்யுங்கள், சூத்திரத்தின் கோட்டில் மட்டும் சேர்க்காதீர்கள்.

சூரியனை ஒட்டி இருக்கும் நாட்களில் என்ன செய்வது?

சூரியன் அடிவானத்துக்கு மேல் இருக்கும்போது பைனாகுலரையோ தொலைநோக்கியையோ அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். நொடியில் கண் போய்விடும். மாலையில் சூரியன் முழுதும் மறைந்த பிறகே தேடுங்கள். காலையில் தேடுகிறீர்கள் என்றால் உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கருவியை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கிவிடும்படி அலாரம் வையுங்கள். அந்த நாட்களுக்கு சோஹோவின் சி3 கேமரா இருக்கிறது: சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 8 பாகை வரை காட்டும், படங்கள் அன்றன்றே இணையத்தில் கிடைக்கும். ஏ3 அதன் வழியாகத்தான் 2024 அக்டோபர் 7 முதல் 11 வரை கடந்தது. அடுத்த வாரமே வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சென்னையில் கொட்டித் தீர்த்தது. மேகத்தால் விட்டுப்போன இரவுகளையும் ‘மேகம்’ என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். இடைவெளிக்குக் காரணம் வால்மீனா வானிலையா என்று பிறகு வரைபடம் போடும்போது தெரிய வேண்டும்.